கியர் ஆயில் ரோஸ்மில்க் கலர்ல வந்துச்சு

வைகாசியில தங்கச்சி பொண்ணுக்கு அழகர்கோவில்ல காதுகுத்து. நான்தான் தாய்மாமன், என் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும். விடியக்காலம் அஞ்சு மணிக்கே திருச்சியில இருந்து கிளம்பிட்டோம், நான், வீட்டுக்காரி, அம்மா, பையன், டிக்கி முழுக்க சீர் சாமான். விராலிமலை தாண்டி ஒரு லாரிய ஓவர்டேக் பண்ண ஆக்சிலேட்டர மிதிச்சேன், இஞ்சின் சத்தம் மட்டும் எகிறுது, ஆர்பிஎம் முள்ளு நாலாயிரத்த தாண்டுது, வண்டி நகர மாட்டேங்குது. அப்புறம் அடியில டொக்குனு ஒரு அடி, எல்லாருக்கும் தூக்கிப் போட்டுச்சு, மீட்டர்ல மஞ்ச லைட்டு. மூணாவது கியர்லயே உருட்டிட்டுப் போய் ஓரமா நிறுத்தினேன். மறுபடி எடுக்கலாம்னு முன்னாடி போற 'டி' கியர் போட்டா நகரல, ரிவர்ஸ் போட்டாலும் நகரல, இஞ்சின் பாட்டுக்கு ஓடுது.

இந்த வண்டி வாங்கி மூணு மாசம்தான் ஆச்சு. இடது முட்டியில லிகமென்ட் ஆபரேஷன் ஆனதுல இருந்து கிளட்ச் மிதிச்சா ராத்திரி தூக்கமே வராது, அதனாலதான் ஆட்டோமேட்டிக்கா தேடினேன். 2017 மாடல், சென்னை வண்டி, ஒரு புரோக்கர் மூலமா 5 லட்சத்து 90 ஆயிரத்துக்கு 2024 மார்ச்ல எடுத்தோம். பெயின்ட் பளபளன்னு இருந்துச்சு, சீட் கவர் புதுசு. காலையில முதல் தடவ ரிவர்ஸ் போடும்போது மட்டும் ரெண்டு செகண்ட் யோசிச்சுட்டுத்தான் பின்னாடி வரும். அத புரோக்கர்கிட்ட கேட்டப்ப "ஆட்டோமேட்டிக்னா அப்படித்தான் சார்"னாரு, நானும் நம்பிட்டேன். அந்த ரெண்டு செகண்டுதான் எனக்குக் கெடச்ச எச்சரிக்கைன்னு இப்ப தெரியுது.

ஹைவேஸ் உதவி நம்பர் 1033க்கு போன் பண்ணதும் ரோந்து வண்டி வந்து பின்னாடி கூம்பு வச்சுட்டாங்க, அது பெரிய உதவி. அதுக்குள்ள அந்தப் பக்கம் போன ஒரு லாரிக்காரர் "நியூட்ரல்ல போடுங்க, கயிறு கட்டி இழுத்துடலாம்"னாரு. நல்ல மனசுலதான் சொன்னாரு, ஆனா நான் வேண்டாம்னுட்டேன். இந்த மாதிரி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்ல ஆயில சுத்த விடுற பம்பு இஞ்சின் ஓடினாத்தான் ஓடும், இஞ்சின ஆஃப் பண்ணிட்டு சக்கரம் தரையில உருள இழுத்தா உள்ள இருக்கறதெல்லாம் ஆயில் இல்லாம சுத்தி மிச்சம் மீதியும் போயிடும். இன்சூரன்ஸ்ல ரோட்சைடு உதவி சேத்து எடுத்திருந்தேன், முழு வண்டியையும் மேல ஏத்திட்டுப் போற லாரி ரெண்டு மணி நேரத்துல வரும்னாங்க. துவரங்குறிச்சியில இருந்து மச்சினன் பைக்ல ஓடி வந்தான், "மாமா நீங்க கெளம்புங்க, தாய்மாமன் இல்லாம எப்படி, வண்டிய நான் பாத்துக்கறேன்"னு சாவிய வாங்கிக்கிட்டான். பின்னாடி வந்த சித்தப்பா வேன்ல சீரோட ஏறிட்டோம். நல்ல நேரம் முடிய கால் மணி நேரம் இருக்கும்போது போய்ச் சேந்தேன். பாப்பா என் மடியில உக்காந்து சட்டைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அழுதப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

மறுநாள் திருச்சியில ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டுமே பாக்கற ஒரு மெக்கானிக் அண்ணன் வண்டிய லிஃப்ட்ல ஏத்தினாரு. ட்ரெயின் போல்ட்ட கழட்டி கீழ ஒரு வெட்டின கேன வச்சாரு. அந்த ஆயில் புதுசுல செவப்பா, கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும், பழசானா பழுப்பாகும். இதுல வந்தது ரோஸ்மில்க். அப்படியே நுரையோட, கெட்டியா, இளஞ்சிவப்பா. அண்ணன் ஒண்ணும் பேசல, ரெண்டு விரல்ல தொட்டு தேச்சுப் பாத்துட்டு "உள்ள தண்ணி போயிருக்கு சார்"னாரு.

ரேடியேட்டருக்குள்ளயே இந்த ஆயில ஆறவைக்கற குழாய் இருக்கும், அது ஓட்டையானாலும் இப்படித்தான் கலக்கும்னு சொல்லி முதல்ல அதத்தான் பாத்தாரு, கூலன்ட் சுத்தமா இருந்துச்சு, அளவும் குறையல. அப்புறம் டிரைவர் சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்தாரு பாருங்க, எப்பவும் சுருண்டே கெடக்கற அந்தக் கடைசி ஒரு முழத்துல மண் கோடு. ஸ்டெப்னிய தூக்கினா குழியில காஞ்ச சேறு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கமெல்லாம் கார் எப்படி முங்கிக் கெடந்துச்சுன்னு எல்லாரும் டிவியில பாத்தோமே. இதுவும் ஏதோ ஒரு தண்ணியில நின்ன வண்டிதான். கியர்பாக்ஸ் மேல காத்துப் போக ஒரு சின்ன குழாய் இருக்கு, அது முங்கினா தண்ணி உள்ள எறங்கும். உள்ள இருக்கற கிளட்ச் தட்டுல ஒட்டியிருக்கறது காகித வகை லைனிங், தண்ணி பட்டா பசை விட்டு உரிஞ்சு வரும், பிடிப்பு போயிடும். இந்த மாடல்ல ஆயில் பாக்க டிப்ஸ்டிக்கே கிடையாது, அதனால வாங்கும்போது யாரும் பாக்கல, நானும் பாக்கல.

கம்பெனி சர்வீஸ்ல புது கியர்பாக்ஸ் மாத்த 2 லட்சத்து 60 ஆயிரம் சொன்னாங்க. இன்சூரன்ஸ் தராது, மெக்கானிக்கல் பழுதுக்கு சாதாரண பாலிசியில இடமில்ல, வெள்ளம் வந்தப்ப வண்டி என்னோடதும் இல்ல. புரோக்கர் போன எடுக்கறதே இல்ல. கோவம்னா அப்படி ஒரு கோவம், குழந்தைகுட்டியோட ஹைவேஸ்ல போற வண்டின்னு தெரிஞ்சே சீட் கவர மாத்தி வித்திருக்காங்க. கடைசியில அண்ணன்கிட்டயே பிரிச்சு வேலை பாக்க விட்டேன், கிளட்ச் தட்டு, சீல் செட், டார்க் கன்வெர்ட்டர், ஆயில் எல்லாம் சேத்து 1 லட்சத்து 15 ஆயிரம், பத்தொன்பது நாள்.

ஆட்டோமேட்டிக் வாங்கப் போறவங்க தயவுசெஞ்சு ஒரு மெக்கானிக்க கூட்டிட்டுப் போயி லிஃப்ட்ல ஏத்தி ரெண்டு சொட்டு கியர் ஆயில் எடுத்துக் காட்டச் சொல்லுங்க, விக்கறவர் வேணாம்னா வண்டியும் வேணாம். சீட் பெல்ட்ட நீங்களே கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, அதுக்குக் காசு கூட ஆகாது.

ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்கன்னு சொல்லியிருந்தாரு, நேத்து போனேன். லெவல் போல்ட்ட கழட்டி ரெண்டு சொட்டு வெள்ளத் துணியில விட்டு என்கிட்ட நீட்டினாரு. நல்ல செம்பருத்திச் செவப்பு.