யூஜிசி நெட் தேர்வுல பிலாசபி எழுதுறவங்க மெட்டா எத்திக்ஸை மட்டும் விட்டுடாதீங்க

ரிசல்ட் வந்துருச்சு, ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகை) இல்ல, அசிஸ்டென்ட் புரொபசர் மட்டும்தான், ஆனாலும் போதும்டா சாமின்னு இருக்கு. மன்னார்குடி பக்கம் பிலாசபிக்குன்னு கோச்சிங்கை எங்க போய் தேடுறது, ஆன்லைன்ல காசு கட்டி சேர்ந்தா அங்க "எத்திக்ஸ்ல காண்ட், மில் போதும்"னுட்டாங்க. அந்த வயித்தெரிச்சல்லதான் இத டைப் பண்றேன்.

எல்லாருக்கும் பொதுவான பேப்பர் ஒண்ணுக்கு பழைய கேள்வித்தாள் போட்டுப் பாருங்க, அவ்ளோதான்.

மெட்டா எத்திக்ஸ்னா 'நல்லது', 'தப்பு'ன்னு பேசுறதுக்கே என்ன அர்த்தம்னு கேக்குற பகுதி. அதுல எந்த தத்துவவாதி வந்தாலும் ரெண்டே கேள்வி கேளுங்க. "இது தப்பு"ன்னு சொல்றது உண்மை, பொய்னு சொல்லக்கூடிய பேச்சா? ஆமான்னா, அதுல எதாவது நெஜமாவே உண்மையா? ஏயர் முதல் கேள்வியிலயே இல்லன்னுடுவார். மேக்கி முதலுக்கு ஆமா, ரெண்டாவதுக்கு இல்ல. ரெண்டு பேருமே உலகத்துல அறம்னு ஒரு பொருள் கிடையாதுன்னு சொல்றதால சேர்த்து ஒரே டப்பால போட்டுடுவோம், ஆப்ஷனும் கரெக்டா அந்த எடத்துலதான் வெப்பாங்க. மேக்கி காக்னிடிவிஸ்ட், அதாவது முதல் கேள்விக்கு ஆமான்னு சொல்ற ஆள். இத நூறு தடவ சொல்லிக்கங்க.

எனக்கு உக்காந்து படிச்சா ஏறாது, வாய்க்கா கரையில நடந்துகிட்டே கத்தணும். நம்மூர் வாக்கியம் ஒண்ண எடுத்துகிட்டேன்: "கடைமடைக்கு தண்ணி போகாம மேல அடைக்கிறது தப்பு."

ஏயர்: அடைச்சாங்கங்கறது மட்டும்தான் தகவல், "தப்பு" வெறும் கோவக்குரல். கவனிங்க, கோவமா இருக்கேன்னு *அறிவிக்கிறது* இல்ல, கோவத்த *காட்டுறது*. அறிவிச்சா அது சப்ஜெக்டிவிசம், அதுக்கு உண்மை பொய் உண்டு.
ஸ்டீவன்சன்: எனக்கு பிடிக்கல, நீயும் வெறுத்துடு. ரெண்டு ஊர் சண்டையில எவ்ளோ தண்ணி வந்துச்சுன்னு கணக்கு ஒத்துப்போனாலும் மனோபாவம் ஒத்துப்போகாம இருக்கலாம்.
ஹேர்: அடைக்காதேன்னு கட்டளை, நாளைக்கு உன் வயலே மேல்மடையில இருந்தாலும் நீ அதையேதான் சொல்லணும். (எனக்கு இவர்தான் பிடிக்கும், மேல்மடைக்காரங்ககிட்ட பேசிப்பாத்தா உங்களுக்கும் பிடிக்கும்.)
மேக்கி: தப்புங்கற குணம் இருக்குன்னுதான் சொல்ற, அப்டி ஒண்ணு இல்லவே இல்ல, அதனால பொய்.

மூருக்கு மட்டும் "தப்பு"க்கு பதிலா "நல்லது" வெச்சுக்கங்க. தண்ணி விடுறது எல்லாருக்கும் லாபம்தான், சரி, ஆனா நல்லதான்னு இன்னமும் கேக்க முடியுதுல்ல, அதான் ஓப்பன் கொஸ்டின். அவரும் காக்னிடிவிஸ்ட்தான், ஆனா நேச்சுரலிஸ்ட் (நல்லதுங்கறது லாபம், இன்பம் மாதிரி ஒரு இயற்கை குணம்தான்னு சொல்றவர்) கிடையாது.

இவங்க முக்கிய புத்தகம் வந்த வருச வரிசை கேப்பாங்க: மூர் 1903, ராஸ் 1930, ஏயர் 1936, ஸ்டீவன்சன் 1944, ஹேர் 1952, மேக்கி 1977. ஹியூமோட 'இஸ்–ஆட்' ('இப்டி இருக்கு'ங்கறத மட்டும் வெச்சு 'இப்டி செய்யணும்'னு சொல்லிட முடியாதுங்கறது) 1740, அத முன்னாடி போட்டுக்கங்க.

நெகட்டிவ் மார்க் இல்ல, ஒண்ணயும் காலியா விடாதீங்க.