ஏஎஃப்ஐஎச் படித்து வந்த கதை

கடலூர் சிப்காட் பக்கம் கெமிக்கல் கம்பெனிகளுக்குப் பார்ட் டைமாகப் போய்வரும் டாக்டர்கள் யாராவது ஏஎஃப்ஐஎச் (தொழிற்சாலை டாக்டர்களுக்கான தொழில் சுகாதாரப் படிப்பு) படிக்க நினைத்தால், ஹெச்ஆர் வாய்வார்த்தையை நம்பி விண்ணப்பம் போடாதீர்கள். "போயிட்டு வாங்க சார், நாங்க இருக்கோம்" என்றுதான் எனக்கும் சொன்னார்கள். கையெழுத்துப் போடும் நேரத்தில் ஒருத்தரையும் காணோம்.

சட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். அபாயகரமான வேலைக்கு ஆளை எடுக்கும் முன்பும், எடுத்த பிறகு ஒவ்வொரு 12 மாதத்துக்குள் ஒருமுறையும் பரிசோதிக்கணும் என்று வைத்தார்கள். அதற்குப் பயிற்சி பெற்ற டாக்டர் வேண்டும். எம்பிபிஎஸ்ஸில் நாம் படித்ததோ கம்யூனிட்டி மெடிசினில் ஒரு அத்தியாயம். அதனால்தான் இந்த மூன்று மாதப் படிப்பு. கம்பெனிக்கு ஆடிட்டில் காட்ட சர்டிஃபிகேட் வேண்டும், ஆனால் அதற்காக டாக்டர் மூன்று மாதம் சென்னையில் உட்காரக் கூடாது!

கம்பெனியிடம் நச்சரித்து வாங்கிய கடிதத்தில் "இவர் படிப்பதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று இருந்தது. விடியற்காலை பஸ் பிடித்து சென்னையில் படிப்பு நடக்கும் இடத்தில் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், "இது என்ஓசி சார், ஸ்பான்சர் லெட்டர் எங்கே?" என்று கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தள்ளிவிட்டார். சம்பளத்தோடு அனுப்புகிறோம், ஃபீஸ் நாங்கள் கட்டுகிறோம் என்று தெளிவாக எழுதி, கையெழுத்துக்குக் கீழே பதவியும் சீலும் இருந்தால்தான் செல்லுமாம். இதை ஃபோனில் கேட்டபோது சொல்லியிருக்கலாம்.

அடுத்தது இனிஷியல். டிகிரியில் பெயருக்கு முன்னால் ஓரெழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். "ரெண்டும் ஒரே ஆளுன்னு எப்படிங்க எடுத்துக்கிறது?" என்றார். தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும் என்று வாதாடிப் பலனில்லை. கடலூர் கோர்ட் வாசலில் நோட்டரியிடம் அஃபிடவிட் போட்டேன். நீங்கள் கிளம்பும் முன்பே போட்டு, நாலைந்து நகல் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி நீட்டிய பாண்டில் ரெண்டு வருஷம் விலகக் கூடாது, விலகினால் செலவைத் திருப்பித் தரணும் என்று இருந்தது. சரி, அப்படியானால் மூன்று மாதமும் முழுச் சம்பளம் என்றும் எழுதுங்கள் என்றேன். முனகிக்கொண்டே பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த ஒரு வரிதான் பிறகு என் சம்பளத்தைக் காப்பாற்றியது.

வகுப்புகள் நன்றாகவே நடந்தன. எனக்குக் கண் திறந்தது ஸ்பைரோமெட்ரியில்தான், அதாவது ஊத வைத்து நுரையீரலைச் சோதிப்பதில். மூச்சை நன்றாக உள்ளே இழுக்கச் சொல்லி, "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும், விடாதீங்க" என்று பக்கத்தில் நின்று கத்தணும். காற்று முழுசாகத் தீரும் வரை ஊதினால்தான் கோடு சரியாக விழும். அப்படி மூன்று நல்ல ஊதல் வேண்டும். முகம் சிவந்துபோகும், பாவமாக இருக்கும், நடுவில் விட்டுவிடக் கூடாது. எக்ஸ்ரேயும் அப்படித்தான், ஐஎல்ஓ (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) மாதிரிப் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத்தான் தூசியால் வரும் நுரையீரல் நோயின் அளவைச் சொல்லணும். நான் அதுவரை பார்த்ததெல்லாம் டிபி இருக்கா இல்லையா என்று மட்டும்தான்.

திரும்பி வந்து பழைய ஃபைல்களைப் புரட்டினேன். வருஷா வருஷம் வெளியிலிருந்து டெஸ்ட் எடுக்கிறவர்கள் வேனில் வந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போன ரிப்போர்ட்டுகள். பலவற்றில் ஒரு செகண்டோடு ஊதல் நின்றிருக்கிறது, மேலே 'நார்மல்' என்று சீல். காது டெஸ்ட் இன்னும் மோசம். நைட் ஷிஃப்ட் முடிந்து கம்ப்ரசர் சத்தத்திலிருந்து வெளியே வந்தவரை அப்படியே உட்கார வைத்திருக்கிறார்கள். சத்தத்திலிருந்து வந்த உடனே காது கொஞ்ச நேரம் மந்தமாகத்தான் இருக்கும். நிரந்தரப் பாதிப்பு எது, தற்காலிகம் எது என்று அந்த வரைபடத்தை வைத்து எப்படிச் சொல்வது?

போன வருஷத்து ரிப்போர்ட்டுகளிலும் கையெழுத்துக் கேட்டார்கள். போட முடியாது என்றேன். ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது வீக்லி ஆஃப் முடிந்து வருகிற அன்றைக்கு, ஷிஃப்ட் ஏறும் முன்பு, காது டெஸ்ட். ஆள் லேட்டாக ஏறுகிறார் என்று புரொடக்‌ஷன் மேனேஜர் திட்டுகிறார், திட்டட்டும். வேன்காரரிடம் ஆர்டர் போடும்போது ஊதல் வரைபடம் முழுசாகத் தரணும், வெறும் எண் மட்டும் போதாது என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். ரேட்டைக் கொஞ்சம் ஏற்றிக் கேட்பார்கள், கொடுக்கலாம்.