இல்லைன்னு சொல்ல முடியாது

“இல்லைன்னு சொல்ல முடியாதும்மா.”

நான் சொன்னது இவ்வளவுதான். கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னேன். அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டார். அவர் கேட்டிருந்த கேள்வி: “சார், நான் சார்ஜ் போட்டு வச்ச பவர் பேங்க்தான் காரணமா?” அந்தத் தீயில் இறந்தது அவருடைய அம்மா.

வண்டியில் ஏறியதும், பயிற்சிக்கு வந்து நாலு மாதம்கூட ஆகாத பையன் என்னைக் கேட்டான். “ஆமான்னும் சொல்ல முடியாதுல்ல சார்? அதை ஏன் நீங்க சொல்லலை?”

விசாரணை முடியும்வரை சாட்சியிடம் முடிவைப் பேசக் கூடாது என்று அவனுக்குப் பதில் சொன்னேன். விதிப்படி அது சரியான பதில். ஆனால் அந்த விதிப்படி நான் முதல் பாதியையும் சொல்லியிருக்கக் கூடாது. அது வீட்டுக்கு வந்து குளித்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், அல்லது இரண்டு பாதியையும் சொல்லியிருக்கலாம். நான் இரண்டும் செய்யவில்லை.

என் கையில் அப்போது என்ன இருந்தது என்பதை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். தீ விபத்துக்குக் காரணம் தேடும் இந்தப் புலனாய்வு வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு அது பயன்படும். எனக்கும் மறுபடி ஒருமுறை சரிபார்த்தது போல இருக்கும்.

அந்தக் கூடம் ஃபிளாஷ் ஓவரைத் தாண்டி எரிந்திருந்தது. கூரைக்குக் கீழே தேங்கும் புகை 500, 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறும்போது, அதிலிருந்து இறங்கும் வெப்பக் கதிர்வீச்சால் அறையில் இருக்கும் பொருள்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். அதுதான் ஃபிளாஷ் ஓவர். ஃபோம் வைத்த சோபா ஒன்று எரிந்தாலே சாதாரண அறை சில நிமிடங்களில் அந்த நிலைக்குப் போய்விடும். அதற்கப்புறம் காற்று எங்கே நுழைகிறதோ அங்கேதான் தீ மூர்க்கமாக எரியும். ஆகவே கதவுக்குப் பக்கத்திலும் ஜன்னலுக்குக் கீழேயும் ஆழமாகக் கருகியிருப்பதை வைத்து, தீ அங்கே தொடங்கியது என்று சொல்லிவிட முடியாது. 2005-ல் லாஸ் வேகாஸில் ஒரு சோதனை நடந்தது. அறைக்குள் தீ வைத்து, ஃபிளாஷ் ஓவருக்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்தார்கள். அறையை நாலாகப் பிரித்தால் எந்தக் கால்பகுதியில் தீ தொடங்கியிருக்கும் என்று 53 புலனாய்வாளர்களிடம் கேட்டார்கள். சரியாகச் சொன்னவர்கள் 3 பேர். இதே போன்ற இன்னொரு அறையிலும் 3 பேர்தான் சரியாகச் சொன்னார்கள், அவர்களும் வேறு மூன்று பேர். கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொரு மூலையைக் காட்டியிருந்தால்கூட 13 பேர் தேறியிருப்பார்கள். பயிற்சிக்கு வருபவர்களுக்கு நான் முதல் நாளே சொல்வது இதைத்தான். அவர்கள் மனம் தளர வேண்டும் என்பதற்காகச் சொல்வதில்லை. சுவரைப் பார்த்தவுடன் நமக்குள் ஒரு குரல் “இங்கதான்” என்று சொல்லுமே, அதை நம்பக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்களுக்கு அந்தக் கூடத்தில் ஒரு நல்ல பிடி கிடைத்தது. சோபாவுக்குப் பின்னால் போன நீட்டிப்பு வயரின் செம்புக் கம்பியில் ஒரு சின்ன உருகல் மணி இருந்தது. உருகிய இடத்துக்கும் உருகாத கம்பிக்கும் நடுவே கோடு போட்டது போல எல்லை தெளிவாக இருந்தால் அது மின்பொறியால் ஆனது. தீயின் வெப்பத்தில் உருகியிருந்தால் கம்பி மெலிந்து, இழுபட்டு, எல்லை தெரியாமல் இருக்கும். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது மின்பொறி மணி. பையன் குதித்தான். “ஷார்ட் சர்க்யூட் சார்!” என்றான். நானும் ஒரு காலத்தில் குதித்தவன்தான். ஆனால் அந்த மணி சொல்வது இவ்வளவுதான்: காப்பு உறை அழிந்தபோது அந்த வயரில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டின் மற்ற வயர்களில் எங்கும் அப்படி மணி இல்லை. அதனால் தீ முதலில் வந்து சேர்ந்த இடங்களில் அதுவும் ஒன்று. இடத்தைக் காட்டியதே தவிர, காரணத்தை அது காட்டவில்லை.

ஆக, சோபாவும் அதன் பின்சுவரும். அந்தச் சின்ன இடத்துக்குள் மூன்று பேர்வழிகள். ஒன்று அந்த வயரே. இரண்டாவது, அந்தப் பெண் இரவு 11 மணிக்கு சோபாவின் மேல் வைத்துச் சார்ஜ் போட்ட பவர் பேங்க். மூன்றாவது, அவருடைய அண்ணன் இரவு வேலைக்குக் கிளம்புமுன் அதே சோபாவில் உட்கார்ந்து பிடித்த சிகரெட். 10 மணிக்கு முன்னால் பிடித்தார். நன்றாக நசுக்கி அணைத்ததாகச் சொன்னார். தீயை முதலில் பார்த்தது ஒன்றே கால் மணி வாக்கில். சிகரெட் நெருப்பு பருத்தி உறைக்குள் விழுந்தால் மணிக்கணக்கில் கனன்று, அதற்கப்புறம் சுடர் விடும். அந்த சோபாவுக்கு மேல் பருத்தி உறை போட்டிருந்தார்கள். நேரக் கணக்கு மூன்றுக்குமே பொருந்தியது.

நடுவில் ‘வெடிச்சத்தம்’ வேறு. பக்கத்து வீட்டில் இருவர் சத்தம் கேட்டுத்தான் எழுந்தோம் என்றார்கள். காஸ் கசிந்து வெடித்ததா என்று ஒரு பகல் முழுக்கப் பார்த்தோம். சமையல் காஸ் காற்றில் ஏறக்குறைய 2 முதல் 9.5 சதவீதம் கலந்திருந்தால்தான் பற்றும். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோரம் படியும். அப்படி வெடித்திருந்தால் சுவர், கதவு நிலை, ஜன்னல் சட்டம் எதிலாவது தள்ளப்பட்ட அடையாளம் இருக்க வேண்டும். ஒன்றும் இல்லை. ரெகுலேட்டரும் குழாயும் முழுசாக இருந்தன. வெளியே விழுந்திருந்த ஜன்னல் கண்ணாடியைப் பையனையே எடுத்துப் பார்க்கச் சொன்னேன். உள்பக்கம் முழுக்கப் புகைக்கரி. வெடிப்பு முதலில் நடந்து கண்ணாடி தெறித்திருந்தால் சில்லுகள் சுத்தமாகத் தூரத்தில் கிடக்கும். இவை கரி படிந்து, சுவரோரமாகவே விழுந்திருந்தன. அறைக்குள் புகை மண்டிய பிறகு உடைந்தவை.

அப்படியானால் சத்தம் எதிலிருந்து வந்தது? பவர் பேங்கிலிருந்து வந்திருக்கலாம். அதன் உள்ளே இருக்கும் லித்தியம் உருளை வெடித்தால் பக்கத்து வீடுவரை கேட்கும். ஆனால் சோபா வேறு எதனாலோ பற்றி எரிந்து, அந்த நெருப்பில் மாட்டினாலும் அதே உருளை அதே மாதிரிதான் வெடிக்கும்.

நான் இன்றைக்கும் மாட்டிக்கொண்டு நிற்கும் இடம் இது. அந்தப் பொருள் தீக்குக் காரணமா, தீக்குப் பலியா? வயருக்கும் இதே கேள்வி, பேட்டரிக்கும் இதே கேள்வி. அதே மாடலில் புதிதாக ஒன்று வாங்கித் திறந்து பார்த்தோம், உள்ளே மூன்று உருளைகள். சாம்பலைச் சலித்ததில் எங்களுக்கு இரண்டு கிடைத்தன. ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்ததில் இரண்டும் வெளிச்சூட்டில் வெந்தது போலத்தான் இருந்தன. மூன்றாவது கிடைக்கவில்லை. தீயணைப்பு வீரர்கள் சோபாவை வெளியே இழுத்துப் போட்டு, உள்ளே கனல் இருந்துவிடக் கூடாது என்று கிளறித் தண்ணீர் அடித்திருந்தார்கள். அது அவர்கள் செய்ய வேண்டிய வேலை. அவர்கள்மேல் எனக்குக் குறை இல்லை. முற்றத்தையும் இரண்டு முறை சலித்தோம். மூன்றாவது முறையும் சலித்திருக்க வேண்டுமோ என்று சில இரவுகளில் தோன்றும்.

அறிக்கையில் எழுதினேன்: தீ தொடங்கிய பகுதி, சோபாவும் அதை ஒட்டிய சுவரும். காரணம், தீர்மானிக்க இயலவில்லை. மூன்று சாத்தியங்களையும், ஒவ்வொன்றையும் ஏன் உறுதிசெய்யவோ விலக்கவோ முடியவில்லை என்பதையும் நாலு பக்கத்துக்கு எழுதினேன். அந்த அறிக்கைக்காக நான் எங்கேயும் நின்று பதில் சொல்வேன். ‘மற்ற இரண்டுக்கும் சான்று இல்லை, ஆகவே மிஞ்சியது இதுதான்’ என்று எழுதுவது சுலபம். முன்பு பலர் அப்படித்தான் எழுதினார்கள். சான்று இல்லாத ஒன்றைக் கழித்தலால் மட்டும் நிலைநாட்டும் அந்த வழியை, தீ விசாரணைக்கான அமெரிக்கக் கையேடான என்.எஃப்.பி.ஏ. 921-இன் 2011 பதிப்பு அறிவியல் முறைக்குப் பொருந்தாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. தீயை மூட்டிய சூடு எது, அதில் முதலில் பற்றிய பொருள் எது, இரண்டும் எப்படி ஒன்று சேர்ந்தன? மூன்றையும் சொல்ல முடிந்தால்தான் அது காரணம். எனக்கு முதல் கேள்விக்கே பதில் கிடைக்கவில்லை.

உறுதியாகப் பேசியவர்களால் என்ன நடந்தது என்பதும் தெரிந்த கதைதான். 1991 டிசம்பரில் டெக்சாஸ் மாநிலம் கோர்சிகானாவில் ஒரு வீடு எரிந்து மூன்று பெண் குழந்தைகள் இறந்தார்கள். தரையில் இருந்த கருகல் வடிவங்களையும் வலைபோல விரிசல் விட்ட கண்ணாடியையும் பார்த்து, தீப்பற்றும் திரவம் ஊற்றியிருக்கிறார்கள் என்றார்கள் புலனாய்வாளர்கள். தந்தை கேமரன் டாட் வில்லிங்ஹாமுக்கு 2004-ல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஃபிளாஷ் ஓவருக்குப் பிறகு தரையில் அப்படிப்பட்ட வடிவங்கள் திரவம் எதுவும் இல்லாமலே வரும். சூடான கண்ணாடிமேல் தண்ணீர் பட்டுச் சட்டென்று குளிர்ந்தால் அந்த விரிசல் வரும். தீ அறிவியல் வல்லுநர்கள் பலர் பிறகு அந்த வழக்கின் சான்றுகளை வரி வரியாக மறுத்தார்கள். அதைப் படித்த நாளிலிருந்து ‘தெரியவில்லை’ என்று எழுத எனக்குக் கூச்சம் கிடையாது.

ஆனால் வாசற்படியில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் நான் ‘தெரியவில்லை’ என்று சொல்லவில்லையே.

ஏன் அந்தப் பாதி மட்டும் வாயில் வந்தது? பல நாள் யோசித்தேன். அதற்கு முந்தைய மாதம் ஒரு தீயில் லித்தியம் பேட்டரிதான் காரணம் என்று ஐயமில்லாமல் நிலைநாட்டியிருந்தேன். கண்காணிப்புக் கேமராவிலேயே பதிவாகியிருந்தது. அந்தக் காட்சி கண்ணுக்குள் இருக்கும்போதே இந்த வீட்டுக்கு வந்தேன். எதிர்பார்ப்பு கண்ணை மறைக்கும் என்று பயிற்சியில் ஒரு வகுப்பு முழுக்க நானே பேசியிருக்கிறேன். அறிக்கை எழுதும்போது அதைத் தள்ளி வைக்கத் தெரிந்த எனக்கு, கையுறையைக் கழற்றும்போது தள்ளி வைக்கத் தெரியவில்லை. பாரபட்சம் எழுத்தில் வராமல் பேச்சில் வந்துவிட்டது.

இல்லை, இன்னொரு காரணமும் இருந்தது. அந்தப் பெண் கேட்டபோது அவருடைய அண்ணன் பத்தடி தள்ளி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். “ஆமாம்னும் சொல்ல முடியாது” என்று நான் சேர்த்திருந்தால், அடுத்த கேள்வி “அப்போ வேற என்ன?” என்பதாகத்தான் இருந்திருக்கும். அதற்கு என்னிடம் இருந்த பதிலில் ஒன்று அவர் பிடித்த சிகரெட். ஒருத்தர் தோளில் இருக்கும் பாரத்தைக் கொஞ்சம் இறக்கினால் அது அப்படியே இன்னொருத்தர் தோளில் போய் உட்காரும் நிலைமை.

இந்தக் காரணம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே இதன்மேல் எனக்குச் சந்தேகமும் இருக்கிறது. அந்த நொடியில் அண்ணனை நான் உண்மையிலேயே நினைத்தேனா, அல்லது பையன் கேட்ட கேள்விக்குப் பதில் தேடி அலைந்தபோது இது கிடைத்ததா? தளத்தில் எடுத்த படங்களைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு படத்தின் ஓரத்தில் கேட்டும் அதைப் பிடித்திருக்கும் கையும் தெரிகின்றன. அவர் அங்கே இருந்தார் என்பதற்கு அது சான்று. நான் அவரைப் பார்த்தேன் என்பதற்குச் சான்று இல்லை.

பையனிடம் ஒருநாள் கேட்டேன், நீயா இருந்தா என்ன சொல்லியிருப்பே என்று. கொஞ்சம் யோசித்தான். “‘இன்னும் தெரியலைம்மா, உட்காருங்க’ன்னு சொல்லியிருப்பேன் சார்” என்றான். நாலு மாதப் பயிற்சிக்காரன் சொல்லிவிட்டான். சரி, அப்படி ஒரு வரியை அங்கே நின்று சொல்ல இருபது வருட அனுபவம் தேவையில்லை. அந்த அனுபவம் இல்லாததால்தான் அவனுக்கு அது தோன்றியதோ என்றும் நினைத்துப் பார்க்கிறேன். ஆனால் ‘உட்காருங்க’ என்றபின் அவர் உட்கார்ந்து “வேற என்னவா இருக்கும்?” என்று கேட்டால் என்ன செய்வான் என்று நான் அவனைக் கேட்கவில்லை.

எட்டு மாதம் கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு விண்ணப்பம் வந்தது. அறிக்கையின் நகல் வேண்டுமாம். வழக்கமான விண்ணப்பம்தான். பொருள் என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தார்: ‘என் கவனக்குறைவால் ஏற்பட்ட தீவிபத்து – அறிக்கை நகல் வேண்டுதல் தொடர்பாக.’

அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அறிக்கையில் அந்த வார்த்தை எங்கேயும் கிடையாது. நான் அன்று சொன்ன வாக்கியத்திலும் கிடையாது. இருந்தும் அந்த ஒரு பாதியிலிருந்து அவர் எட்டு மாதத்தில் அங்கே வந்து சேர்ந்திருக்கிறார். அல்லது நான் எதுவுமே சொல்லாவிட்டாலும் அங்கேதான் வந்திருப்பாரோ என்னவோ. கேள்வியைக் கேட்கும்போதே அவர் குரலில் பதில் இருந்தது. இதையும் சமாதானத்துக்காகச் சொல்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

நகலை மறுநாளே அனுப்பிவிட்டோம். கூடவே வைக்க ஒரு கடிதமும் எழுதினேன். விதிப்படி அதற்கு அவசியம் இல்லை, தடையும் இல்லை. முதல் வரியில், பவர் பேங்க்தான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது என்று எழுதினேன். இரண்டாவது வரியில், அன்றைக்கு நான் பாதியைத்தான் சொன்னேன் என்று எழுதினேன். உறையில் முகவரி எழுதும்போதுதான் கவனித்தேன், விண்ணப்பத்தில் இருந்த புது வீட்டு முகவரியில் அண்ணனுடைய பெயரும் இருந்தது. அவரும் அங்கேதான் இருக்கிறார்.

நகல் மட்டும் போனது. கடிதம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.