மார்க்கம் போனாலும் பழைய சலூன்தான்

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வாடகைக்கு இருந்து பிறகு சுற்றுவட்ட நகரங்களான மார்க்கத்திலோ அஜக்ஸிலோ வீடு வாங்கிப் போன சனம், மரக்கறிக் கடையை மாற்றிவிடும், பல் வைத்தியரையும் மாற்றிவிடும். தலைமயிர் வெட்ட மட்டும் பழைய பிளாசாவுக்கே (கடைத்தொகுதிக்கே) வரும். வெறும் பாசம் என்று நினைக்கவேண்டாம்.

உங்களுக்கு முதல்முறை மயிர் வெட்டுகிறவர் காண்பது இன்னொருவர் வெட்டின தலையை. தன் கைவேலை வளர்ந்து எப்படி நிற்கிறது என்பது, நீங்கள் நாலு கிழமை கழித்து அதே கதிரையில் வந்து இருந்தால்தான் அவருக்குத் தெரியும். உச்சிச் சுழியில் மயிர் குத்திட்டு நின்றால் அடுத்தமுறை அந்த இடத்தை நீளமாக விடுவார். எங்கட ஆக்களில் பலருக்குத் தடித்த மயிர். காதுக்கு மேலே அரைகுறை நீளத்தில் விட்டால் பிரஷ் மாதிரி விறைக்கும். ஆகவே மூன்றுதரம் வெட்டிப் பார்க்காமல் ஆளை மாற்றுவது அவசரப்பட்ட வேலை.

புதிதாக வந்தவர்கள் ‘கட்டையாய் வெட்டுங்கோ’ என்று சொல்லித்தான் மாட்டுப்படுகிறார்கள். மெசின் நம்பரை, அதாவது மெசினில் மாட்டும் சீப்பின் நம்பரைச் சொல்லவேண்டும்: 1 என்றால் 3 மில்லிமீற்றர், 2 என்றால் 6, 3 என்றால் 10, 4 என்றால் 13. மயிர் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்று மேலே வளரும். பக்கத்தை 2இல் அடித்தால் இரண்டு கிழமையில் நீளம் இரட்டிப்பாகிவிடும். பக்கத்தைக் கீழே போகப்போக மிகக் கட்டையாக்கும் ஃபேட் வெட்டு சீக்கிரம் கலைவதும், கத்தரி வெட்டு நாலைந்து கிழமை தாங்குவதும் இதனால்தான். பிடரியில் சதுரக் கோடு கேட்டால் ஒரு கிழமைக்குள் அதன்கீழே முள்ளு முளைக்கும். படிப்படியாகக் குறைத்துவிடச் சொல்வது நல்லது.

ஒன்ராறியோ மாகாணத்தில் இந்தத் தொழிலுக்குச் சான்றிதழ் கட்டாயம். கூலிக்கு மேலே 13 வீத வரி. டிப்ஸ் 15 முதல் 20 வீதம், வரிக்கு முந்தின தொகையில். 25 டொலர் வெட்டுக்கு நாலைந்து டொலர் கணக்கு. காட் மெசின் சிலவேளை வரியையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கும், கவனியுங்கள்.

பல சலூன்களில் வெட்டுகிறவர் கதிரையை வாடகைக்கு எடுத்திருப்பார், அல்லது பங்குக்கு வேலை செய்வார். ஒருநாள் வேறு பிளாசாவுக்குப் போய்விட்டால் கடைக்காரர் இடம் சொல்லமாட்டார். கடை நம்பரோடு நிற்காமல் ஆளின் நம்பரையும் வாங்கி வைக்கவேண்டும்.

இடையில் அவசரத்துக்கு வேறிடத்தில் வெட்டியிருந்தால் மறைக்கத் தேவையில்லை, பிடரியைப் பார்த்ததும் உங்கட பழைய ஆள் பிடித்துவிடுவார். என்ன நம்பர் போட்டார்கள் என்று சொன்னால் போதும். உடனே திருத்தச் சொல்லக்கூடாது. திருத்தம் என்றால் இன்னும் கட்டையாக்குவதுதான். மூன்று கிழமை வளரவிட்டுப் போங்கள். கலியாணவீட்டுக்கும், கட்டையாகிவிட்டால் கொஞ்சம் வளர நேரம் இருக்கட்டும் என்று, முதல்நாள் போகாமல் ஐந்தாறு நாள் முன்னரே வெட்டிக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு வெட்டுகிறவர் டிசம்பரில் ஒரு மாதம் ஊருக்குப் போகிறார் என்றால், போகுமுன் கடைசி வெட்டைக் கத்தரியால் கேளுங்கள். வெட்டி இரண்டு நாளுக்குள் முன், பக்கம், பின் என்று மூன்று படம் எடுத்து வைத்தால், அவர் வரப் பிந்தினாலும் வேறொருவரிடம் காட்ட உதவும்.