அம்பாசடர் டீசல்: ஏர் எங்கே புகுந்தது?

குன்னூர்க் குளிரில் பழைய டீசல் வண்டி காலையில் முரண்டு பிடித்தால் எல்லாரும் முதலில் சொல்வது, ஸ்டார்ட்டுக்கு முன் உள்ளே சூடேற்றிவிடும் ஹீட்டர் பிளக். என்னுடையது 1489 சிசி டீசல் அம்பாசடர். இதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை 20 மடங்குக்கு மேல் அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். சில்லிட்டுக் கிடக்கும் இரும்பு அந்தச் சூட்டைக் குடித்துவிடும் என்பதால் சந்தேகம் நியாயமானதுதான். நான்கு பிளக்கையும் மல்டிமீட்டரில் பார்த்தேன். மூன்று 1 ஓமை ஒட்டிக் காட்டின. நான்காவதில் ரீடிங்கே இல்லை. அதை மாற்றியதும், வண்டி பிடித்த கையோடு வரும் உதறல் குறைந்தது. ஸ்டார்ட்டிங் தகராறு மட்டும் அப்படியே இருந்தது.

துப்பு கொடுத்தது எங்கள் தெருவின் சரிவு. மூக்கு இறக்கத்தைப் பார்க்க நிறுத்தினால் மறுநாள் முதல் செல்ஃபிலேயே பிடித்துக்கொள்கிறது. மேட்டைப் பார்க்க நிறுத்தினால் பேட்டரி களைக்கும்வரை சுற்ற வேண்டும். குளிர் இரண்டுக்கும் ஒன்றுதானே? பழகிய மெக்கானிக் அண்ணனுக்கு போன் போட்டேன்.

“பம்ப்பக் கழட்டிடாத தம்பி. செல்ஃப் அடிக்கும்போது சைலன்சர்ல புகை வருதான்னு மொதல்ல பாரு.”

வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். புகையே இல்லையென்றால் டீசலே போய்ச் சேரவில்லை. எனக்குத் துளிப் புகை இல்லை.

டேங்க் பின்னால் இருக்கிறது. மூக்கு மேலே நின்றால் டேங்க் இன்ஜினைவிடத் தாழ்ந்துவிடும். லைனில் எங்காவது மயிரிழை ஓட்டை இருந்தால் ராத்திரி முழுக்க அதன் வழியாகக் காற்று புக, டீசல் டேங்குக்கே திரும்பிவிடும். இது உறிஞ்சும் பக்கம் என்பதால் ஓடும்போது வெளியே சொட்டாது, காற்றைத்தான் இழுக்கும். தரையில் ஈரத்தைத் தேடிப் பயனில்லை.

ஃபில்டருக்கும், டீசலை அழுத்தி இன்ஜினுக்கு அனுப்பும் பெரிய பம்ப்புக்கும் நடுவே கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ட்யூப் ஒரு முழம் போட்டேன். ஐடிலில் கடுகு கடுகாகக் குமிழிகள் ஓடின. அடுத்து, டேங்கிலிருந்து டீசலை இழுத்து ஃபில்டருக்குத் தள்ளும் ஃபீடு பம்ப்பின் இன்லெட்டைக் கழற்றி, பக்கத்தில் வைத்த கேனிலிருந்து நேராக டீசல் கொடுத்தேன். குமிழி நின்றது. ஆக ஃபில்டர், ஃபீடு பம்ப் எல்லாம் சுத்தம். கோளாறு டேங்குக்கும் ஃபீடு பம்ப்புக்கும் நடுவில்.

சேஸிஸ் பைப்பிலிருந்து இன்ஜினுக்கு வரும் ரப்பர் ஹோஸ்தான் ஆள். பார்வைக்கு நன்றாக இருந்தது. கிளிப்பைத் தளர்த்தி வளைத்ததும், கிளிப் அழுத்திய பள்ளத்தில் வட்டமாக வெடிப்பு தெரிந்தது. ரப்பர் இப்படிக் கெட்டால், 2020 ஏப்ரலில் புது மாசு விதிப்படி பிஎஸ்-6 டீசல் வந்து சல்ஃபர் 50 பிபிஎம்மிலிருந்து 10-க்கு இறங்கியதைத்தான் பலரும் குறை சொல்கிறார்கள். சல்ஃபரை எடுக்கும்போது டீசலில் உள்ள அரோமாட்டிக் என்ற ஹைட்ரோகார்பன் பகுதியும் குறையலாம். அதில் ஊறி உப்பியிருந்த பழைய ரப்பர் சீல்கள் சுருங்குவதும் உண்டுதான். ஆனால் இந்த ஹோஸ் கல்லாக இறுகியிருந்தது. இதற்கு வயதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டாம். அம்பாசடர் செய்த உத்தர்பாரா ஆலை 2014-லேயே நின்றுபோனாலும் இதற்காக அலைய வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்தில் லாரி ஸ்பேர்ஸ் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிறார்கள். டீசலுக்கானது என்று கேட்டு வாங்க வேண்டும். தண்ணீர் ஹோஸ் சீக்கிரமே ஊறிப்போகும். கையோடு, டீசல் பைப் முனைகளைப் பிடித்திருக்கும் பேஞ்சோ போல்ட்டுகளின் காப்பர் வாஷரையும் மாற்றினேன். பழையதை அடுப்பில் பழுக்கக் காய்ச்சிப் போடலாம் என்பார்கள். சில ரூபாய்ப் பொருளுக்கு அவ்வளவு பாடு எதற்கு?

பிறகு ஏர் எடுக்கும் வேலை. ஃபில்டர் தலையில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஃபீடு பம்ப்பின் கை லீவரை அடிக்க வேண்டும். லீவர் பிடிமானமே இல்லாமல் ஆடினால் பம்ப் கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். பம்ப்பை இயக்கும் கேம் அதைத் தூக்கிய நிலையில் நின்றிருக்கும். இன்ஜினைக் கொஞ்சம் சுற்றிவிட்டால் பிடி கிடைக்கும். முதலில் நுரை, பிறகு விட்டுவிட்டு, கடைசியில் முழு டீசல். ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு பெரிய பம்ப்பிலும் அதே வேலை. அடுத்து, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களின் பைப் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி செல்ஃப் அடித்தால், டீசல் துப்பத் தொடங்கியதும் இறுக்கலாம். அங்கே விரல் வைக்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

இப்போது மேட்டைப் பார்க்க நிறுத்தினாலும் காலையில் உடனே பிடிக்கிறது. சூடான பிறகு ஐடிலில் ஒரு தட்டல் மட்டும் மிச்சம். பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தேன். மூன்றாவதைத் தளர்த்தினால் தட்டல் நிற்கிறது. அந்த நாசிலை மட்டும் கழற்றி, டெஸ்டிங்குக்குக் கோயம்புத்தூர் கொண்டுபோக வேண்டும்.