செம்மண் ஊரில் முதல் மெட்டல் டிடெக்டர்

செட்டிநாட்டில் ஒருவன் மெட்டல் டிடெக்டர் வாங்கியிருக்கிறான் என்றால் ஊர் நம்பத் தயாராக இருக்கும் காரணம் ஒன்றே ஒன்றுதான்: புதையல். டீக்கடையில் கேட்கிறவர்களுக்கும், பார்சல் கொண்டுவந்த தம்பிக்கும், எங்கள் பங்காளி வீட்டுப் பெரியவர்களுக்கும் நான் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பழைய காசு தேடுகிறேன், யாராவது நகையைத் தொலைத்தால் தேடித் தருகிறேன், அவ்வளவுதான். யாரும் நம்புவதில்லை. சரி, போகட்டும். இந்தப் பதிவு, முதல் மெஷின் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டே, யூடியூபில் வெள்ளைக்காரர்கள் பச்சைப் புல்வெளியில் வெள்ளிக்காசு எடுப்பதை ராத்திரி ஒரு மணி வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு. அந்த வீடியோவில் வரும் மண் நம் மண் இல்லை, அந்தக் காசும் நம் காசு இல்லை. மெஷின் தேர்ந்தெடுக்கும்போது இந்த இரண்டையும் மறந்துவிட்டால் பணம் வீண்.

முதலில் மண். காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், எந்தப் பக்கம் போனாலும் செம்மண், கொஞ்சம் தோண்டினால் சரளை, அதற்குக் கீழே செம்புறாங்கல். அந்தச் சிவப்பே இரும்பின் நிறம்தான். டிடெக்டரின் அடியில் இருக்கும் காயில், அதாவது கம்பி சுற்றிய தட்டு, தரைக்குள் ஒரு காந்தப் புலத்தை அனுப்புகிறது, அந்தப் புலம் மாறிக்கொண்டே இருப்பதால் கீழே கிடக்கும் உலோகத்தில் சின்னச் சின்ன மின்சுழல்கள் உண்டாகின்றன, அந்தச் சுழல்கள் திருப்பி அனுப்பும் பலவீனமான புலத்தை இன்னொரு கம்பிச்சுருள் பிடிக்கிறது. தத்துவம் இவ்வளவுதான். ஆனால் மண்ணில் இரும்புத்தாது நிறைய இருந்தால் மண்ணே பதில் சொல்ல ஆரம்பிக்கும். கடையில் மேசைமேல் காசை வைத்துக் காட்டும்போது அருமையாகப் பாடிய மெஷின், இங்கே கொல்லையில் இறக்கியதும் காரணமில்லாமல் கத்தும், இல்லாவிட்டால் மேலே நாலு விரல்கடைக்குக் கீழே எதுவுமே இல்லை என்று சாதிக்கும்.

அதனால் நம் பக்கத்துக்கு மெஷின் வாங்குகிறவர்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி எத்தனை அடி ஆழம் என்பதல்ல. கிரவுண்ட் பேலன்ஸை, அதாவது மண் சொல்லும் பதிலை மெஷின் கழித்துவிடும் அமைப்பை, நாமே அந்தந்த மண்ணுக்கு ஏற்ப மாற்ற முடியுமா, அதைக் கேளுங்கள். ஆரம்பக்காரர்களுக்கு என்று காலங்காலமாகச் சிபாரிசு செய்யப்படும் கேரட் (Garrett) கம்பெனியின் ஏஸ் 250, ஏஸ் 300 இரண்டிலும் அது கம்பெனியில் வைத்ததுதான், நம் கையில் இல்லை. நல்ல மெஷின்கள்தான், எளிமையானவை, ஆனால் செம்புறாங்கல்லுக்கு அவற்றை நான் சொல்லமாட்டேன். காயிலிலும் இரண்டு வகை உண்டு. கான்சென்ட்ரிக் என்பது வட்டத்துக்குள் வட்டம், அது தரைக்குள் ஒரு கூம்பாகப் பார்க்கும். டிடி என்பது இரண்டு ஆங்கில டி எழுத்துகளை முதுகோடு முதுகாக ஒட்டவைத்த மாதிரி, அது ஒரு கத்தி போல நீளமான ஒல்லிப் பட்டையாகப் பார்க்கும், ஒரே நேரத்தில் பார்க்கும் மண்ணின் அளவு குறைவு என்பதால் மண்ணின் கூச்சலும் குறையும். செம்மண்ணுக்கு டிடிதான்.

பல்ஸ் இண்டக்‌ஷன் என்று ஒரு வகை மெஷின் இருக்கிறது, அதற்கு மண்ணின் இரும்புத்தாது ஒரு பொருட்டே இல்லை, கடற்கரைக்காரர்களும் ஆஸ்திரேலியாவில் தங்கக்கட்டி தேடுகிறவர்களும் அதைத்தான் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அப்படியென்றால் நமக்கு அதுதானே சரி என்று தோன்றும், எனக்கும் ரொம்ப நாள் தோன்றிக்கொண்டே இருந்தது. சிக்கல் என்னவென்றால் அதற்கு இரும்பு எது, செம்பு எது என்று பிரித்துச் சொல்லும் திறமை ரொம்பக் கம்மி. செட்டிநாட்டில் எத்தனை பெரிய வீடுகளைப் பிரித்து, பர்மாத் தேக்கைத் தனியாக, கதவு நிலையைத் தனியாக, பூக்கல்லைத் தனியாக விற்றிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் போய் நின்றால் ஒரு முழு வீட்டையே துண்டுதுண்டாகப் பார்க்கலாம். மரம் கடைக்குப் போனது, அதில் இருந்த ஆணி தரையில் தங்கிவிட்டது. வீடு இருந்த இடம் என்றால் ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு ஆணி என்று வைத்துக்கொள்ளலாம். மண்ணைப் பார்த்தால் பல்ஸ் மெஷின் வேண்டும், ஆணியைப் பார்த்தால் வேண்டவே வேண்டாம். ஆணிதான் ஜெயித்தது.

கடைசியில் நான் எடுத்தது நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ். துருக்கியில் செய்வது, 12 கிலோஹெர்ட்ஸ், 11 அங்குல டிடி காயில், கிரவுண்ட் பேலன்ஸ் நம் கையில், 3 மீட்டர் தண்ணீருக்குள்ளும் போகலாம். 12 என்பது நடுவாந்தரம்: குறைந்த அதிர்வெண் பெரிய வெள்ளி, செம்புக்கு நல்லது, அதிக அதிர்வெண் மூக்குத்தி மாதிரிச் சின்னத் தங்கத்துக்கு நல்லது. மைன்லேப் வான்குவிஷ் பல அதிர்வெண்களை ஒரே நேரத்தில் அனுப்பும், மண்ணைத் தானே சமாளித்துக்கொள்ளும், எதையும் திருகத் தெரியாதவர்களுக்கு அது வசதி. ஆனால் ஒரு விஷயம், வெளிநாட்டு விலையைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள், சுங்க வரியும் கூரியரும் சேர்ந்தால் கணக்கு வேறு மாதிரி வரும். பெரிய பிராண்டுகளுக்கு அச்சு அசலாகப் போலியும் வருகிறது, அதனால் கம்பெனி அங்கீகரித்த விற்பனையாளரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில ஆயிரத்துக்குக் கிடைக்கும் பொம்மை மெஷின்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, பையன்களுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கலாம்.

அதைவிட மோசம், 'தங்கத்தை மட்டும் காட்டும், அரை கிலோமீட்டர் தூரத்திலிருந்தே காட்டும்' என்று சொல்லி லட்சக்கணக்கில் விற்கும் ஏரியல் குச்சி. அப்படி ஒரு கருவி உலகத்தில் கிடையாது. பிரிட்டனில் ஜேம்ஸ் மெக்கார்மிக் என்பவர் இதே மாதிரி ஒரு கைப்பிடியில் ஏரியலைச் செருகி, வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று ஈராக்குக்கே விற்றார், அது கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுச் சாமானை வைத்துச் செய்தது, 2013-ல் அவருக்குப் பத்து வருடம் சிறை. அரசாங்கமே ஏமாந்திருக்கிறது, நம் ஊரில் பாட்டன் வீட்டுச் சுவரில் தங்கம் இருக்கிறது என்று கேள்விப்பட்டவர் ஏமாறமாட்டாரா? உண்மையான டிடெக்டருக்குத் தங்கம் என்று தனியாக ஒன்று தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் மின்சாரம் எவ்வளவு எளிதாக ஓடுகிறது, பொருள் எவ்வளவு பெரிது என்பதுதான். மெல்லிய மோதிரமும் மாத்திரை அட்டையின் ஃபாயிலும் திரையில் ஏறத்தாழ ஒரே நம்பரைக் காட்டும். குப்பையைத் தோண்ட மனமில்லாதவனுக்குத் தங்கமும் கிடைக்காது.

இனி காசு. வீடியோக்களில் எல்லோரும் முதல் வேலையாக இரும்பை டிஸ்கிரிமினேஷனில், அதாவது வேண்டாத உலோகத்துக்குச் சத்தம் வராமல் செய்யும் அமைப்பில், வெட்டிவிடச் சொல்வார்கள். இந்தியாவில் அதைச் செய்தால் 1992-க்குப் பிறகு வந்த ஒரு ரூபாய் நாணயம் உங்கள் மெஷினுக்குத் தெரியாமலே போகலாம், ஏனென்றால் அது காந்தத்தில் ஒட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மெஷின் குழம்பித்தான் போகும். அறுகோண மூன்று பைசா, பிற்காலத்துச் சதுர ஐந்து பைசா எல்லாம் அலுமினியம், அவை நல்ல சத்தமாகக் கேட்கும், எடுத்துப் பார்த்தால் பாதி அரித்திருக்கும். 1943 முதல் 1947 வரை அடித்த ஓட்டைக் காலணா வெண்கலம், அந்தச் சத்தத்தை ஒரு தடவை காதில் வாங்கிக்கொண்டால் மறக்காது. நம் பக்கத்துக்கு மட்டும் ஒரு சிறப்பு உண்டு. கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போனவர்கள் ரங்கூனிலிருந்தும் கொழும்பிலிருந்தும் பினாங்கிலிருந்தும் மடியில் கட்டிவந்த சில்லறை இங்கே மண்ணில் கிடக்கிறது. மலாயாவின் மூலை மழுங்கிய சதுர ஒரு சென்ட் எங்கள் பின்கட்டுத் தோட்டத்தில் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் கிடைத்தது, அதை எந்த ஐயா கொண்டுவந்தார் என்று வீட்டில் இன்னும் சண்டை ஓடுகிறது.

கற்றுக்கொள்ள வெளியே போகவேண்டியதே இல்லை. வீட்டுக் கொல்லையில் ஒரு மூலையைச் சுத்தமாகத் தேடி, இருக்கிற ஆணியையெல்லாம் எடுத்துவிட்டு, அங்கே நீங்களே புதையுங்கள்: ஒரு ரூபாய், பொன்னிற ஐந்து ரூபாய், ஒரு காலணா, மாத்திரை அட்டை, சோடா மூடி, வளைந்த ஆணி, ஒவ்வொன்றும் வேறு வேறு ஆழத்தில், பக்கத்தில் ஒரு குச்சி நட்டு. தினம் காலையில் கொஞ்ச நேரம் அதன்மேல் காயிலை ஓட்டிப் பாருங்கள். திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் சொல்ல வரும்வரைக்கும் அங்கேயே இருங்கள். காயில் தரையைத் தொடாமல், ஆனால் தரைக்கு இரண்டு விரல்கடை மேலேயே, இரண்டு ஓரமும் ஒரே மட்டத்தில் போகவேண்டும். புதிதாகப் பிடிக்கிற எல்லோரும் ஓரத்தில் காயிலைத் தூக்கிவிடுவார்கள், அங்கேதான் ஆழம் போகிறது. ஒவ்வொரு வீச்சும் முந்தின வீச்சின் மேல் பாதியாவது விழட்டும். கிரவுண்ட் பேலன்ஸ் செய்ய உலோகமே இல்லாத இடமாகப் பார்த்து, பட்டனை அழுத்திக்கொண்டு காயிலை ஒரு சாண் உயரத்துக்கு மேலும் கீழுமாக ஏற்றி இறக்கினால், சத்தம் சமமாகி அடங்கும். சரளை மாறும் இடத்திலெல்லாம் மறுபடி செய்யவேண்டும், சோம்பல் கூடாது. டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் மெஷின் சும்மா புலம்பினால் சென்சிடிவிட்டியை, அதாவது மெஷினின் உணர்திறனை, குறையுங்கள். அதிக சென்சிடிவிட்டி என்றால் அதிக ஆழம் என்ற நம்பிக்கை இந்த மண்ணில் எடுபடாது.

ஆணியைக் கண்டுபிடிக்க ஒரு வழி: சத்தம் வந்த இடத்தில் நின்று, தொண்ணூறு டிகிரி திரும்பி மறுபடி ஓட்டுங்கள். காசு என்றால் எந்தப் பக்கத்திலிருந்தும் ஒரே மாதிரிக் கத்தும், நம்பரும் பெரிதாக மாறாது. ஆணி ஒரு பக்கம் பாடும், இன்னொரு பக்கம் முனகும், நம்பர் குதிக்கும். சோடா மூடி மட்டும் இந்தச் சோதனையிலும் நல்ல பிள்ளை மாதிரி நடித்து ஏமாற்றிவிடும், அதற்கு மருந்து தோண்டுவதுதான்.

1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடம்பில் இருந்த துப்பாக்கிக் குண்டைத் தேட, டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவி செய்து கொண்டுபோனார். குண்டு அகப்படவில்லை, படுக்கையின் இரும்பு ஸ்பிரிங்கும் ஒரு காரணம் என்று சொல்வார்கள். உங்கள் செருப்பில் ஆணி, பாக்கெட்டில் போன், கையில் காப்பு என்று வைத்துக்கொண்டு குனிந்து தேடும்போது பெல்லை நினைத்துக்கொள்ளுங்கள்.

காலமும் பார்க்கவேண்டும். சித்திரை வெயிலில் செம்புறாங்கல் தரையில் களைக்கொத்தி தெறிக்கும், கடப்பாரை எடுத்தால் காசும் உடையும். ஐப்பசி, கார்த்திகை மழை விட்ட பிறகு மண் நெகிழ்ந்திருக்கும், ஈரத்தில் சிக்னலும் கொஞ்சம் தெளிவாக வரும், குழியை அழகாக மூடவும் முடியும். மூடாமல் போகிறவனுக்கு அடுத்த தடவை யாரும் கேட்டைத் திறக்கமாட்டார்கள்.

அனுமதி விஷயம் நம் ஊரில் தனிக்கதை. ஒரு வளவு வீட்டுக்குப் பல புள்ளி, அதாவது பல குடும்பங்கள், சொந்தம், ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் பக்கத்துத் தெருவில் ஆனால் பேச்சுவார்த்தை இல்லை. வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டு, எல்லோரும் சரி என்று எழுதிய பிறகே நான் மெஷினை எடுக்கிறேன். 'கிடைச்சா யாருக்கு?' என்ற கேள்வி குரூப்பில் முதலில் வந்துவிடும், அது நல்லதுதான். சட்டமும் இருக்கிறது: 1878-ம் வருடத்துப் புதையல் சட்டப்படி மண்ணில் மறைந்திருந்து கிடைப்பதன் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் போனால் கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்கவேண்டும், மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை. திருமயம் கோட்டை மாதிரிப் பாதுகாக்கப்பட்ட இடங்கள், கோவில் நிலம், பானை ஓடு சிதறிக் கிடக்கும் மேடு, இங்கெல்லாம் மெஷினோடு போகவே வேண்டாம். கீழடி நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஒரு பொருள் எந்த மண்ணடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அங்கே காலத்தைச் சொல்கிறார்கள், நாம் களைக்கொத்தியால் நோண்டி எடுத்தால் அந்த விவரம் போச்சு.

இப்போதைக்கு எனக்கு அதிகம் வரும் அழைப்பு நகைக்குத்தான். எதிர்வீட்டு ஆச்சி துணி காயப்போடும்போது ஒரு தோடு விழுந்துவிட்டது என்று, 'ஏப்பா, அந்த மிஷினக் கொண்டாந்து கொஞ்சம் பாரேன்' என்று கூப்பிட்டார்கள். இந்த மாதிரி வேலைக்குச் சில விஷயங்கள் வேறு. டிஸ்கிரிமினேஷனை முழுசாக எடுத்துவிடவேண்டும், ஃபாயில் நம்பரில்தான் தோடு ஒளிந்திருக்கும். இடத்தைக் கயிறு கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, தொலைத்தவர் காட்டும் இடத்துக்கு அந்தப் பக்கம் நாலடி, இந்தப் பக்கம் நாலடி சேர்த்துத் தேடவேண்டும், விழுந்த இடத்தை யாரும் சரியாகச் சொல்வதில்லை. புதிதாக விழுந்தது மேலேதான் கிடக்கும், ஆழமாக வரும் சத்தத்தை விட்டுவிடலாம். கையில் பின்பாயிண்டர் (குழிக்குள் விட்டு இடத்தைத் துல்லியமாகக் காட்டும் குட்டி டிடெக்டர்) இருந்தால் புல் வேருக்குள் துழாவ வசதி. தோடு கொடிக்கம்பிக்கு நேர் கீழே இல்லை, துவைக்கிற கல்லின் வாய்க்கால் ஓரத்தில் இருந்தது. திருகாணி கிடைக்கவில்லை. அவ்வளவு சின்னப் பொருளை 11 அங்குலக் காயில் கண்டுகொள்வது கஷ்டம், ஐந்தாறு அங்குலக் காயில் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் திருகாணிக்கும் ஒரு நாள் வந்து பார்க்கவேண்டும் என்பது ஆச்சியின் உத்தரவு.