ஆன்லைன் வகுப்பில் எத்தனை பேரைச் சேர்க்கலாம்?

புதிதாக ஆன்லைன் வகுப்பு தொடங்குகிறவர்கள் பேட்ச் அளவை முடிவு செய்ய முதலில் பார்ப்பது, செயலி எத்தனை பேரை உள்ளே விடும் என்பதைத்தான். ஜூம் இலவசக் கணக்கிலேயே 100 பேர் வரை நுழையலாம். ஆனால் அந்த எண்ணுக்கும் கற்பித்தலுக்கும் சம்பந்தமே இல்லை. பேட்ச் அளவைத் தீர்மானிப்பது, ஆசிரியர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உட்கார்ந்து திருத்த முடியும் என்பதே.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் ஒரு பயிற்சி. ஒருவருடையதைப் படித்து, பிழையைச் சுட்டி, நாலு வரி எழுத 15 நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 12 பேருக்கு 3 மணி நேரம்; 30 பேருக்கு ஏழரை மணி; 60 பேருக்கு 15 மணி. திருத்துவதற்கு வாரம் 5 மணி நேரம்தான் ஒதுக்க முடியும் என்றால் உங்கள் வரம்பு 20 பேர். பாடம் நடத்தும் நேரமும் தயாரிப்பும் இதில் சேராது.

வரம்பைத் தாண்டினால் உடனே எதுவும் உடைந்துவிடாது, அதுதான் ஆபத்து. முதலில் நாலு வரிக் குறிப்பு சுருங்கி ‘நன்று’ என்று ஆகும். பிறகு திருத்திய தாள் அடுத்த பயிற்சி போன பிறகே திரும்பும். மாணவர் அதே பிழையை மறுபடி செய்திருப்பார். மூன்றாவது பயிற்சியை அனுப்பவே மாட்டார். அவருக்கு ஆர்வமில்லை என்று நாம் நினைப்போம். அது அநியாயம்.

கொள்குறி வினாக்களை மென்பொருளிடம் விட்டுவிட்டு, பலருக்கும் பொதுவான பிழைகளைத் தொகுத்து ஒரே காணொளியாகப் பதிவுசெய்து அனுப்பினால் கொஞ்சம் கூடுதலாகச் சமாளிக்கலாம். கட்டுரை, பேச்சு, இசை போன்றவற்றில் இது அதிகம் உதவாது. பாட்டு வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒலி வந்து சேர்வதில் தாமதம் இருப்பதால் எல்லோரும் சேர்ந்து பாட முடியாது, தாளம் விலகிவிடும். ஒருவர் பாட மற்றவர்கள் மியூட்டில் காத்திருக்க வேண்டும். அதனால் அங்கே 4 பேரே நிறைவு.

நேரலையிலும் இதே நெருக்கடிதான். 60 நிமிட வகுப்பில் விளக்கத்துக்கு 25, ‘என் குரல் கேட்கிறதா’ வகையறாவுக்கு 5 போனால் மிச்சம் 30. பத்துப் பேர் என்றால் தலைக்கு 3 நிமிடம். முப்பது பேர் என்றால் ஒரு நிமிடம், அதிலும் மைக்கைத் தேடி அழுத்தவே சில நொடிகள். ஸ்லைடைப் பகிர்ந்ததும் முகங்கள் ஓரமாகச் சில கட்டங்களாகச் சுருங்கிவிடுகின்றன. புரியாமல் புருவம் சுருக்குகிறவரை நேர் வகுப்பில் உடனே கண்டுபிடிக்கலாம். இங்கே அவர் திரையின் அடுத்த பக்கத்தில் இருப்பார். முகங்களுக்குத் தனித் திரை வைத்தாலும், 15 பேருக்கு மேல் போனால் சாட் செய்திகளையும் முகங்களையும் ஒருவரே கவனிப்பது கடினம். 25ஐத் தாண்டினால் சாட் செய்திகளைப் பார்க்கத் தனியாக ஓர் ஆள் கட்டாயம் வேண்டும்.

வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரித்துத் தனித்தனியாகப் பேசவிடும் பிரேக்அவுட் அறைக்கு 4 பேர் சரி. மூவரில் ஒருவருக்கு இணைப்பு அறுந்தால் இருவரே மிஞ்சுவார்கள்; ஆறு பேரில் இருவர் வாயே திறக்க மாட்டார்கள். அறைக்கு 3 நிமிடம் என்று சுற்றி வந்தால் 5 அறைக்கே கால் மணி நேரம் ஆகிவிடும்.

குறைவாக இருந்தால் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். ஐந்து பேர் பேட்சில் இருவர் வராவிட்டால் கலந்துரையாடல் படுத்துவிடும். மொழிப் பேச்சுப் பயிற்சிக்கு 6 முதல் 8, எழுத்துக்கும் விவாதத்துக்கும் 10 முதல் 12, ஒவ்வொருவரின் நிரலையும் படித்துத் திருத்தும் கோடிங் வகுப்புக்கு 15 முதல் 20 என்பது என் பரிந்துரை. இடையில் நின்றுவிடுகிறவர்களுக்காக ஓரிருவரைக் கூடுதலாகச் சேர்க்கலாம்.

வெறும் பதிவுக் காணொளிப் படிப்பு வேறு ரகம். 2011இல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் படிப்பு இணையத்தில் இலவசமாக வந்தபோது சுமார் 1,60,000 பேர் பதிந்தார்கள், திருத்தியது மென்பொருள். கடைசி வரை வந்தவர்கள் அதில் சிறு பகுதியே. அப்படிப்பட்ட படிப்புக்கு வரம்பு தேவையில்லை, ஆனால் ‘சந்தேகங்கள் தனித்தனியாகத் தீர்க்கப்படும்’ என்று விளம்பரத்தில் போடாதீர்கள்.

12 பேருக்குத் திட்டமிட்ட வகுப்பில் 24 பேர் சேர்ந்துவிட்டால், விளக்கத்தை ஒரே முறை பதிவுசெய்து முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். நேரலையை 12, 12 பேராக இரண்டாகப் பிரித்து, தலா 45 நிமிடம் முழுவதும் பயிற்சிக்கே வைத்துக்கொள்ளலாம். திருத்தும் வேலை மட்டும் குறையாது. அதற்கு இன்னொருவரைச் சேர்த்துக்கொண்ட பிறகே பணம் வாங்குங்கள்.